சிவப்பு மையில் ஒரு ‘நன்று’

“இந்தக் காந்தத்த யாருங்க வெச்சது?” என்று மின்வாரிய அதிகாரி கேட்டார்.

பால் வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்த அமலி மாடிப்படியின் பாதியிலேயே நின்றுவிட்டாள். கையில் தூக்குப்போசி. கீழே போர்டிகோவில் பறக்கும் படைக்காரர்கள் நான்கு பேர். மீட்டர் பெட்டியின் மரக்கதவு திறந்திருந்தது. உள்ளே, வட்டு சுற்றுகிற கண்ணாடியோடு சேர்த்துச் சணலால் கட்டிய லாட காந்தம் ஒன்று. சிவப்புப் பெயின்ட் அடித்தது. அமலிக்கு அது உடனே அடையாளம் தெரிந்தது. அது அவளுடைய பள்ளிக்கூட ஆய்வகத்துக் காந்தம்.

வீட்டுக்காரர் வரதராஜுலு மனைவி பத்மாவதி பக்கம் லேசாகத் திரும்பி, உதடு அசையாமல், தெலுங்கில் மூன்றே சொல் சொன்னார்.

“டீச்சரம்மதி அனி செப்பு.”

டீச்சரம்மாவுடையது என்று சொல்லு. அந்த வீட்டு மாடியில் அமலி நான்கு வருஷமாகக் குடியிருக்கிறாள். கீழ்வீட்டுத் தெலுங்கு காலையும் மாலையும் காதில் விழுந்து விழுந்து அவளுக்குப் பழகியிருந்தது. அவளுக்குப் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. என்றைக்காவது பத்மாவதி அக்காவிடம் தெலுங்கிலேயே ஒரு வார்த்தை பேசி அசத்த வேண்டும் என்று, குழந்தை மிட்டாயை ஒளித்து வைத்திருப்பதுபோல், அதை வைத்திருந்தாள்.

ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் இருக்கும். அந்த நேரத்துக்குள் அமலி நினைத்தாள்: அக்கா சொல்ல மாட்டாங்க.

“மேல் ஊட்டு டீச்சரம்மா வெச்சதுங்க” என்றாள் பத்மாவதி. கையையும் நீட்டினாள், படியில் நிற்கிறவளைக் காட்டி.

பிறகு எத்தனையோ முறை அமலி அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பொய்யைவிட அந்த ‘டீச்சரம்மா’தான் அதிகம் வலித்தது. நான்கு வருஷமாக அவள் ‘அம்மணி’யாகத்தான் இருந்தாள். கோபத்தில்கூட ‘அமலி’தான். ஒரே நொடியில் அவளை அத்தனை தூரம் தள்ளி நிறுத்த அக்காவால் முடிந்திருக்கிறது.

அதிகாரி சணலை அறுத்துக் காந்தத்தைப் பிடுங்கினார். திருப்பிப் பார்த்தார். “பள்ளிக்கூடத்துப் பேரே எழுதியிருக்குதேங்க. இயற்பியல், பதினாலு.”

“அது எங்க ஸ்கூலுதுதானுங்க. ஆனா நான் வெக்கலைங்க” என்றாள் அமலி.

முதல் பாதியை எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது பாதியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதிகாரி மகஜர் எழுத ஆரம்பித்திருந்தார். வீட்டு உரிமையாளர் பெயர், இணைப்பு எண், அதன் கீழே ‘மாடியில் குடியிருக்கும் ஆசிரியை’.

“ஸ்கூல் சாமான்ங்கறதால ஸ்கூலுக்கும் ஒரு காப்பி அனுப்போணுமுங்க. நீங்க அங்க பேசிக்குங்க டீச்சர்.”

ஜீப் புறப்பட்டுப் போனது. வரதராஜுலு தன்னுடைய பட்டறைப் பக்கம் போய்விட்டார். பத்மாவதி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு பகலில் சாத்தி அமலி பார்த்ததே இல்லை.

*

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அமலிக்கு ஒரே யோசனைதான். ஃபைல் என்ன ஆகும்?

அந்தப் பெண்கள் பள்ளியில் ஆறு வருஷமாக மேனேஜ்மென்ட் போஸ்ட்டில் இருக்கிறாள். அரசாங்கச் சம்பளம் இல்லாத, எந்த ஜூனிலும் ‘அடுத்த வருஷம் வேண்டாம்மா’ என்று சொல்லிவிடக்கூடிய வேலை. டிசம்பரில் ஓர் ஆசிரியை ஓய்வு பெற்றதில் இடம் காலியாகி, அமலியின் பெயர் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தது. பிப்ரவரிக்குள் ஒப்புதல் வந்துவிடும். வயது முப்பத்தி நாலு. இது தப்பினால் இன்னொரு இடம் காலியாக எத்தனை வருஷம் ஆகுமோ. தலைமையாசிரியை ஷைலா போன வாரம்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒரு மாசம் எந்த வம்புலயும் மாட்டிக்காதீங்க அமலி. ரோட்டைக்கூடப் பாத்துக் கிராஸ் பண்ணுங்க.”

இப்போது மின்வாரியக் காகிதம் வரப்போகிறது. பள்ளிக் காந்தத்தைக் கொண்டுபோய்க் கரன்ட் திருடிய டீச்சர்.

காந்தம் அந்த வீட்டுக்குப் போனது அவள் கையால்தான். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். பத்மாவதியின் மகள் பிரீத்திகா அமலியின் வகுப்பிலேயே, எட்டாம் வகுப்பு ‘பி’யில் படிக்கிறாள். புத்தகத்தில் இல்லாததையெல்லாம் கேட்கிற பெண். அவளுக்காக ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டுக் காந்தத்தை எடுத்து வந்து, கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வேடிக்கை காட்டினாள். பழைய அலுமினிய மூடியில் வெட்டிய தகட்டை நூலில் கட்டி ஆடவிட்டாள். ஊஞ்சல்போல் ஆடிய தகடு, காந்தத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே வந்ததும் எண்ணெய்க்குள் விழுந்ததுபோல் தயங்கி நின்றது.

“காந்தம் அலுமினியத்த இழுக்காதே ஆன்ட்டி. அப்புறம் எப்படி நிக்குது?” என்று பிரீத்திகா கேட்டாள். வீட்டில் ஆன்ட்டி, பள்ளியில் மிஸ்.

“இழுக்காது கண்ணு. ஆனா ஓட உடாது. தகடு காந்தத்துக்கு முன்னாடி ஓடறப்ப அதுக்குள்ளயே சின்னச் சின்னதா கரன்ட் சுத்த ஆரம்பிக்கும், ஆத்துல சுழி போடற மாதிரி. கரன்ட் ஓடுனா அங்க ஒரு காந்த குணம் வந்துரும்னு படிச்சமல்ல? அந்தக் குணம், தன்னை எது உண்டாக்குச்சோ அதையே எதிர்க்கும். இங்க உண்டாக்குனது எது? ஓட்டம். அப்ப எதப் புடிச்சு நிறுத்தும்?”

“ஓட்டத்தையே!”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வரதராஜுலு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங்க டீச்சர், நம்ம கரன்ட் மீட்டர்ல சுத்தற வட்டு, அதுவும் அலுமினியந்தானுங்களே?”

அமலி பூரித்துப்போனாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அவளிடம் கேட்காத கேள்வி அது. எழுந்து போய் மீட்டர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டினாள். உள்ளேயே ஒரு சின்னக் காந்தம் இருப்பதையும், வட்டு கண்டபடி ஓடாமல் கணக்காகச் சுற்ற அதுதான் பிரேக் போடுகிறது என்பதையும் சொன்னாள்.

“அப்ப இன்னொரு காந்தத்தப் பக்கத்துல வெச்சா இன்னும் மெதுவாவுமுங்களா?”

“ஆமாங்க! கரெக்டுங்க!” என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அமலிக்குத் தன்னுடைய அந்தக் குரல் கேட்டது. எவ்வளவு சந்தோஷமாக ‘கரெக்டுங்க’ என்றிருக்கிறாள். பத்மாவதி அப்போது சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, “எங்கூட்டுக்காரருக்கு இத்தன மூளையா? கலியாணத்தப்ப எங்கப்பாகிட்ட யாரும் சொல்லவே இல்லீங்களே” என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அமலி பவானியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது, “லீவு முடிஞ்சு எடுத்துக்கறேன், பத்திரம்” என்று சொல்லிக் காந்தத்தைப் பிரீத்திகாவிடம் விட்டுப்போனாள். திரும்பி வந்தபோது மீட்டர் பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தது. பல்லி போகிறது என்றார்கள். காந்தத்தைக் கேட்க அவளுக்கு மறந்தும்போனது.

அந்த வீட்டில் அவள் எதையும் திருப்பிக் கேட்டு வாங்கிப் பழகியவள் அல்ல. மூன்றாம் வருஷம் அவளுக்கு அம்மை போட்டபோது, அம்மா வந்து சேர்வதற்குள் ஐந்து நாள் பத்மாவதிதான் பார்த்துக்கொண்டாள். தலையணைக்கடியில் வேப்பிலை வைத்தாள். “நாங்க வேதக்காரங்கக்கா, எங்ககிட்டயெல்லாம் மாரியாத்தா வருவாளா?” என்று காய்ச்சலிலும் அமலி கேட்டதற்கு, “அவ என்ன ரேசன் கார்டு பாத்தா வாரா? பேசாம படு அம்மணி” என்றாள். அந்தக் கை இன்றைக்குக் காலையில் நீண்டது.

*

பள்ளி வாசலில் இறங்கும்போது அமலிக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

எட்டாம் வகுப்புக்கு அவள் கொடுத்த வீட்டுப்பாடம். டிசம்பர் பதினைந்திலிருந்து பொங்கல் வரை ஒரு மாதம், தினமும் மாலை ஆறு மணிக்கு அவரவர் வீட்டு மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். தேதி, மீட்டர் எண், அன்றைய யூனிட், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். விருந்தாள் வந்தார்கள், கிரைண்டர் ஓடியது, கரன்ட் இல்லை என்று எதையாவது அதில் எழுதலாம். “சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல. கண்ணுல பாத்தத எழுதோணும்” என்று சொல்லியிருந்தாள்.

பிரீத்திகாவின் நோட்டில் யூனிட் எந்தத் தேதியில் குறைந்தது என்று இருக்கும். அந்தத் தேதியில் தான் பவானியில் இருந்திருந்தால்?

முதல் பீரியடிலேயே கேட்டு வாங்கினாள். காலையில் டியூஷனிலிருந்து நேராக வந்திருந்த பிரீத்திகாவுக்கு வீட்டில் நடந்தது எதுவும் தெரியவில்லை. “எக்சிபிஷனுக்கா மிஸ்?” என்று முகம் மலரக் கொடுத்தாள்.

ஸ்டாஃப் ரூமில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அமலி பக்கங்களைத் திருப்பினாள். ஒன்பது யூனிட், எட்டரை, ஒன்பது, பத்து. டிசம்பர் இருபத்தியேழாம் தேதியிலிருந்து மூன்று, மூன்றரை, மூன்று. அவள் பவானியில் இருந்த நாள். கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு குறிப்புக் கட்டத்தைப் படித்தாள். இடம் போதாமல் கீழே மார்ஜின் வரை எழுதியிருந்தது.

‘இன்று அப்பா மீட்டர் மேல் லாட காந்தம் வைத்தார். மிஸ் சொன்னது போலவே வட்டு மெதுவாகச் சுற்றியது. ஹீட்டர் மட்டும் போட்டுப் பார்த்தேன். காந்தம் இல்லாமல் 10 சுற்றுக்கு 40 விநாடி. காந்தத்துடன் 10 சுற்றுக்கு 110 விநாடி. மூன்று முறை பார்த்தேன். காந்தம் வைத்தபின் வரும் யூனிட் உண்மையான யூனிட் அல்ல என்று நினைக்கிறேன்.’

பதின்மூன்று வயதுப் பெண். இதைவிட நல்ல ஒரு குறிப்பைக் கல்லூரியில்கூட அமலி பார்த்ததில்லை. மூன்று முறை பார்த்திருக்கிறாள். ஹீட்டரைத் தவிர மற்றதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

அதற்குக் கீழே சிவப்பு மையில், ‘நன்று’. அதன் கீழே அமலியின் கையெழுத்து. தேதி 20.1.95.

மையும் எழுத்தும் அவளுடையவைதான். போன வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட் மணி அடிக்கப்போகிற அவசரத்தில் மூன்று நாளாகத் திருத்திவந்த நாற்பத்திரண்டு நோட்டுகளையும் முடித்தது ஞாபகம் இருந்தது. பிரீத்திகாவின் நோட்டைத் திறந்ததும் ஞாபகம் இருந்தது. இவள் நோட்டை என்ன படிப்பது, இவள் தப்பாக எழுத மாட்டாள் என்று, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘நன்று’ போட்டுத் தள்ளியதும் ஞாபகம் இருந்தது.

நோட்டை மூடினாள். காந்தம் வைத்தது அவளில்லை என்று இது சொல்லும். வைத்தது அவளுக்குத் தெரியும், பார்த்தாள், பாராட்டினாள் என்றும் சொல்லும்.

*

அன்று மாலை அமலி மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது பத்மாவதி மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. வழக்கமாகக் கையில் ஏதாவது கிண்ணம் இருக்கும். இன்று வெறுங்கை.

“பாப்பா நோட்டக் குடுங்க.”

அமலி ஒரு புடவையை மடித்து முடித்தாள். “எதுக்குக்கா அப்படிச் சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொன்னேன்?”

“நான் வெச்சேன்னு.”

“நீங்க மட்டும் எதுக்கு எழுதிப் போட்டீங்க?”

அமலிக்குப் புரியவில்லை. “யாருக்கு? என்ன எழுதிப் போட்டேன்?”

“நடிக்காதீங்க டீச்சர். வெள்ளிக்கெழம நோட்டுல கையெழுத்து. திங்கக்கெழம வாசல்ல ஜீப்பு.” பத்மாவதி கொடியைப் பிடித்துக்கொண்டாள். “வெள்ளிக்கெழம சாங்காலம் பாப்பா ஓடியாந்து நோட்டக் காட்டுனா. அம்மா, மிஸ் படிச்சுப்போட்டு நன்று போட்டிருக்காங்க, பாருன்னு. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. இவரு சொன்னாரு, பாத்தியா, நம்ம டீச்சருக்கு விசயம் தெரிஞ்சும் நம்மள உட்டுக்குடுக்கல, தங்கமான மனுசி, இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும் அப்புறம் எடுத்தர்லாம்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். என்ற தங்கச்சியா இருந்தாக்கூட இப்படி இருக்க மாட்டான்னு நெனச்சேன். ஒரு பக்கம் நன்றுன்னு எழுதிப்போட்டு, இன்னொரு பக்கம் ஈ.பி.க்கு மனு எழுதுவீங்கன்னு எனக்கென்ன தெரியும்?”

“அக்கா, நான் எழுதிப் போடல.”

“பின்ன நோட்டப் பாத்தது வேற யாரு?”

“நானும் பாக்கலைக்கா. படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பத்மாவதி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அதில் சிரிப்பே இல்லை. “படிக்காமயா? பாப்பாவப் பத்தி வருசம் பூரா எங்கிட்டப் பேசுனது நீங்கதான? இவள மாதிரி ஒரு பிள்ளைய நான் பாத்ததே இல்லக்கான்னு. அவ நோட்டப் படிக்காம நன்றுன்னு போடுவீங்க, நான் நம்போணும்?”

உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அமலிக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. இப்போது அது வேறு மாதிரி இருந்தது. காலையில் அவள் மீது தப்பு இல்லை.

யார் மனு எழுதியது? பட்டறையிலிருந்து நின்றுபோன ஆளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அது யாரென்று அமலிக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது. அக்கா அந்தக் கையை நீட்டியபோது, தன்னை முதலில் குத்தியவளைத் திருப்பிக் குத்துகிறோம் என்று நினைத்திருக்கிறாள். அப்படி நினைக்க அவளுக்கு ஒரு காகிதம் இருந்தது, சிவப்பு மையோடு.

ஆனாலும் என்னைக் கேட்டிருக்கலாமே, என்று அமலியின் மனது விடாமல் சொன்னது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் இருந்தது. மேலே வந்து, ‘ஏன் அம்மணி, பாத்தியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? கேட்கவில்லை. அந்த நோட்டை அவள் படிக்காமல் நம்பியதுபோலவே, அக்காவும் அவளைப் படிக்காமல் நம்பியிருக்கிறாள். பிறகு படிக்காமலேயே நம்பாமல் போயிருக்கிறாள்.

“நோட்டு ஸ்கூல்ல இருக்குதுக்கா” என்றாள். பொய். பீரோவில் இருந்தது.

“அத வெளிய காட்டுனீங்கன்னா எங்க பட்டறை லைனயும் கட் பண்ணிருவாங்க. பன்னெண்டு பேரு வேலை செய்யறாங்க. உங்களுக்கென்ன, ஒண்டி ஆளு.”

சொல்லிவிட்டு பத்மாவதியே ஒரு நொடி வாயை மூடிக்கொண்டாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். அமலி மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

*

மறுநாள் பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசையில் மின்வாரியத்தின் காகிதம் இருந்தது. அமலியின் கைப்பையில் அந்த நோட்டு இருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. பிரீத்திகாவுக்காகத்தான் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் எழுத்தை வைத்து அவள் அப்பாவைக் காட்டிக்கொடுப்பதா? ஆனால் அந்த ‘நன்று’ இல்லாதிருந்தால் இவ்வளவு இரக்கம் வந்திருக்குமா?

“காந்தம் உங்க பேர்ல டிசம்பர்ல எடுத்திருக்கு. திருப்பி வரல. அது போகட்டும். மீட்டர்ல வெச்சது நீங்களா?” என்றார் ஷைலா.

“இல்லீங்க மேடம்.”

“வீட்டுக்காரம்மா நீங்கன்னு சொல்லியிருக்காங்க. கரஸ்பாண்டன்ட் சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் கேக்கறார். ஃபைல நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமான்னு கேக்கறார் அமலி. நான் என்ன சொல்லட்டும்?”

அமலி வாயைத் திறக்குமுன் கதவருகே ஒரு குரல் கேட்டது. “மே ஐ கமின் மேடம்?”

பிரீத்திகா. யாரும் கூப்பிடவில்லை. வகுப்பிலிருந்து தானாக எழுந்து வந்திருக்கிறாள். ராத்திரி அழுதிருப்பாள்போல, இமை தடித்திருந்தது. ஷைலா தலையசைத்ததும் உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒப்பிக்கிறவள்போல் ஒரே மூச்சில் சொன்னாள்.

“மேடம், காந்தம் மிஸ் வெக்கல. எங்கப்பா வெச்சார். டிசம்பர் இருவத்தியேழு. நான் பக்கத்துல இருந்தேன். நோட்டுல எழுதியிருக்கறேன். நோட்டு மிஸ்கிட்டதான் இருக்குது.”

வெளியே எங்கோ ஏழாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

“இங்க வந்தது உங்க வீட்ல தெரியுமா?” என்றார் ஷைலா.

“தெரியாதுங்க மேடம். அம்மா வாயே தெறக்கக் கூடாதுன்னாங்க. ஆனா மிஸ்ஸத் திருடின்னு சொல்றாங்க மேடம்.”

ஷைலா கையை நீட்டினார். அமலி பையைத் திறந்து நோட்டைக் கொடுத்தாள். ஷைலா அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து மெதுவாகப் படித்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. பிறகு விரலால் சிவப்பு மையைத் தொட்டார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க மேடம்.”

“அப்ப உங்களுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.”

அமலி பேசுவதற்குள் பிரீத்திகா முந்திக்கொண்டாள். “மிஸ்ஸுக்குத் தெரியும் மேடம். மிஸ் எல்லாமே படிப்பாங்க. அதனாலதான் நன்று போட்டாங்க. நான் மூணு தடவ டைம் பாத்தேன், அதுக்குத்தான் நன்று. காந்தம் வெச்சதுக்கு இல்ல.”

மிஸ்ஸைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் கழுத்தில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். பதிலுக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. மிஸ் நோட்டைப் படித்தாள் என்பது மட்டும் போதும் அவளுக்கு.

ஷைலா குரலைத் தாழ்த்தினார். “அமலி, தெரிஞ்சு மறைச்சீங்கன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, ஃபைல் நிக்கும். தெரியலைன்னா, எப்படித் தெரியாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க. ஒரு மெமோவோட போயிரும். எது உண்மை?”

உண்மை ஒன்றுதான் இருந்தது. வேலையும் அதன் பக்கம்தான் இருந்தது. இதைவிடச் சுலபமான கேள்வி யாரும் அவளைக் கேட்டதில்லை. ஆனாலும் அமலி பிரீத்திகாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னாள்.

“நான் படிக்கல மேடம். படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

பிரீத்திகா முதலில் சிரித்தாள். மிஸ் ஏதோ உபாயமாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பாள். பிறகு அமலியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“படிக்கலீங்களா மிஸ்?”

“இல்ல கண்ணு.”

“நூத்திப்பத்து செகண்டு எழுதியிருந்தனே. அதையுமா?”

“நேத்துதான் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கற. நான் பாத்ததுலயே...”

அந்தச் சொல் பாதியிலேயே நின்றது. பாராட்டிச் சொல்ல இருந்த சொற்களையெல்லாம் வெள்ளிக்கிழமையே செலவழித்தாகிவிட்டது. இனி அவள் எதைச் சொன்னாலும் அந்தப் பெண்ணுக்கு அது சிவப்பு மைதான்.

ஷைலா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அமலி பக்கம் தள்ளினார். பேனா மூடியைத் திறந்து தாளின் மேல் வைத்தார். “நீ கிளாஸுக்குப் போம்மா” என்றார்.

பிரீத்திகா கதவு வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். அழவில்லை. சந்தேகம் கேட்க எழுந்து நிற்கும்போது அவளுக்கு ஒரு முகம் வரும், புருவத்தை மட்டும் சுருக்கி. அந்த முகம்தான் இப்போதும்.

“எல்லார் நோட்டையுமே படிக்கலீங்களா மிஸ், இல்ல என்னுது மட்டுமா?”

மற்ற நாற்பத்தியொன்றையும் அமலி படித்திருந்தாள். வரி வரியாக. சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து கற்பனையாக எழுதுவார்கள் என்று தெரிந்து, எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, நான்கு பேரைப் பிடித்தும் இருந்தாள். ‘எல்லார்துமே’ என்று சொல்லிவிடலாம். அது பிரீத்திகாவுக்குக் கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

“உன்னது மட்டும்” என்றாள்.

பிரீத்திகா தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம், ஓடாமல், ஒரே சீராக வகுப்புப் பக்கம் போய்த் தேய்ந்தது. அமலி தாளை இழுத்துக்கொண்டு, ‘அனுப்புநர்’ என்று எழுத ஆரம்பித்தாள்.